ஆபத்து வந்தால் எங்கள் வீட்டு நாய் எங்களைக் காப்பாற்றுமா?

மட்டக்களப்பில் வெல்லாவெளிப் பக்கம் இருக்கும் அக்கா வீட்டில் ஒரு நாய் இருக்கிறது, பெயர் ரொமி. செம்மண் நிறம், ஒரு காது மடிந்திருக்கும், சாதி என்று சொல்ல ஒன்றும் இல்லை, சந்தையடியில் குட்டியாகக் கிடந்ததை அத்தான் சைக்கிள் கூடையில் வைத்துக் கொண்டுவந்தார். அக்காவின் மகனுக்குப் பதினொரு வயது. வேளாண்மை கதிராகி யானைக் காவல் தொடங்கியிருந்த நேரம் நான் அங்கே போயிருந்தபோது அவன் கேட்டான்: "மாமா, யானை வந்தா ரொமி என்னைக் காப்பாத்தும்தானே?" அத்தான் இரவில் வட்டைக்கு, அதாவது வயல்வெளிக்கு, காவலுக்குப் போகும்போது தானும் கூடப் போகவேண்டும் என்பது அவனுடைய ஆசை, அக்கா விடுவதில்லை, அதனால் ரொமியைத் துணைக்குக் காட்டுகிறான். நான் யோசிக்காமல் "ஓம் மனே, காப்பாத்தும்" என்று சொல்லிவிட்டேன். படுத்த பிறகுதான் மனது கேட்கவில்லை. அந்தப் பதிலை நம்பி இந்தப் பிள்ளை ஒருநாள் டோர்ச்சும் நாயுமாக இருட்டில் இறங்கிவிட்டால் என்ன செய்வது?

விடிந்ததும் அவனை இருத்திவைத்துச் சரியான பதிலைச் சொன்னேன். அதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன், ஏனென்றால் இதே நம்பிக்கையோடு நாய் வளர்க்கிற பெரியவர்களும் எங்கள் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்கவேண்டும். காப்பாற்றுவது என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம், அதற்குள்ளே நாலு வேலை இருக்கிறது. ஏதோ வருகிறது என்று சத்தம் கொடுப்பது ஒன்று. வருவதற்கும் எங்களுக்கும் நடுவில் நின்று மறிப்பது இன்னொன்று. பாய்ந்து கடிப்பது மூன்றாவது. நாங்கள் விழுந்து கிடந்தால் ஓடிப்போய் ஆளைக் கூட்டிவருவது நாலாவது. சினிமாவில் வருகிற நாய் இந்த நாலையும் செய்யும். வீட்டு நாய் முதலாவதை அநேகமாக எப்போதும் செய்யும், இரண்டாவதைச் சில நேரம் செய்யும், மூன்றாவதைச் செய்தால் பெரும்பாலும் பிழையான ஆளைக் கடிக்கும், நாலாவதைச் செய்யும் என்று நம்பி இருக்கவே கூடாது.

சத்தம் கொடுப்பதைக் குறைவாக நினைக்கவேண்டாம். எனக்குத் தெரிந்தவரை நாய் மனிதனுக்குச் செய்கிற மிகப்பெரிய காவல் அதுதான். எங்கள் காதுக்குச் சுமார் 20,000 ஹேர்ட்ஸ் வரை கேட்கும், நாய்க்குச் சுமார் 45,000 வரை கேட்கும். மனித மூக்கில் வாசனை பிடிக்கும் கலங்கள் 50, 60 இலட்சம் என்றால் நாயின் மூக்கில் 20 கோடிக்கும் மேல். அதனால்தான் கரண்ட் போன இரவில் நாங்கள் ஒன்றும் தெரியாமல் படுத்திருக்க, படலைக்கு அப்பால் தென்னை ஓலை மிதிபடும் சத்தத்துக்கு ரொமி எழும்பிவிடுகிறது. நாயின் மூதாதை ஓநாய் இனம். வளர்ந்த ஓநாய் அரிதாகத்தான் குரைக்கும், ஊளைதான் அதன் பாஷை. நாயோ எதற்கெடுத்தாலும் குரைக்கிறது. மனிதனோடு வாழத் தொடங்கி குறைந்தது 15,000 வருடமாகிறது, அந்த நீண்ட காலத்தில் சத்தம் போடுகிற நாயை மனிதன் விரும்பி வைத்துக்கொண்டிருப்பான் என்று நினைக்க நியாயம் இருக்கிறது. களவெடுக்க வருகிறவன் கடிக்குப் பயப்படுவதைவிட, பக்கத்து வீட்டு மாமி எழும்பி லைட்டைப் போட்டுவிடுவா என்பதற்குத்தான் கூடப் பயப்படுவான்.

குரைப்பைக் கேட்டுப் பழகுவதும் ஒரு கல்வி. ஆய்வுகூடங்களில் குரைப்பைப் பதிவுசெய்து மனிதருக்குப் போட்டுக்காட்டிப் பார்த்திருக்கிறார்கள், நாய் வளர்த்துப் பழக்கமில்லாதவர்கள்கூட இது அந்நியரைக் கண்டு குரைப்பது, இது விளையாட்டு, இது தனியாக விடப்பட்டதால் என்று ஓரளவு பிரித்துச் சொல்கிறார்கள். அப்படியென்றால் வருடக்கணக்காகக் கூட வாழ்கிற எங்களால் இன்னும் நன்றாக முடியும். ரொமி பக்கத்து வளவு நாய்க்குக் குரைக்கும்போது ஓடி ஓடிக் குரைக்கும். பாம்பைக் கண்டால் ஒரே இடத்தில் நின்று, முன்னங்காலை வைப்பதும் எடுப்பதுமாக, விட்டுவிட்டுக் குரைக்கும். யானை வாடை பட்டால் குரைப்பு ஆழமாகி, உடம்பு பின்வாங்கி, வாசலுக்கு வந்துவிடும். அக்கா சமையலறைக்குள் இருந்தே சொல்லிவிடுவா எது வந்திருக்கிறது என்று.

அடுத்தது மறித்து நிற்பது. இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். என் நாய்க்கு என்மீது உயிர், ஆகவே எனக்கொன்று என்றால் உயிரைக் கொடுக்கும் என்று கணக்குப் போடுகிறோம். பாசம் உண்மைதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அது என்ன வகைப் பாசம் என்று பார்க்கவேண்டும். 1998 இல் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகர ஆய்வாளர்கள், சின்னக் குழந்தைகளுக்குத் தாயோடு உள்ள பிணைப்பை அளக்கும் ஒரு பரிசோதனையை நாய்களுக்கும் செய்தார்கள். தெரியாத அறை, தெரியாத ஆள், எசமான் வெளியே போகிறார், திரும்பி வருகிறார். நாய்கள் நடந்துகொண்டது கிட்டத்தட்ட தாயோடு ஒட்டிய பிள்ளை நடந்துகொள்கிற மாதிரி. எசமான் பக்கத்தில் இருந்தால் துணிந்து அறையைச் சுற்றிப் பார்த்தன, அவர் போனதும் கதவடியில் நின்றன, வந்ததும் ஓடிப்போய் ஒட்டிக்கொண்டன. அதாவது நாய்க்கு நாங்கள்தான் புகலிடம். பயம் வந்தால் பிள்ளை தாயின் சேலைக்குப் பின்னால் ஒளிவது போல, பயம் வந்த நாய் எங்கள் காலடிக்குத்தான் வரும். எங்களைக் காக்கும் என்று நாங்கள் எண்ணிய அதே பாசம்தான் அதை எங்களிடம் ஓடிவரச் செய்கிறது.

யானைக் கதையில் இது எப்படி முடியும் என்று அத்தானுக்கு ஆய்வு எதுவும் படிக்காமலே தெரியும். நாயைக் கூட்டிக்கொண்டு காவலுக்குப் போவதை அவர் விட்டுப் பல வருடமாகிறது. ஏன் என்று கேட்டேன். "நாய் போய்க் குரைக்கும், யானை திரும்பினா யானையையும் கூட்டிக்கொண்டு நம்மட கால்மாட்டுக்குத்தான் வரும்" என்றார். நாலாயிரம் கிலோ எடையுள்ள மிருகம், இருட்டு, சேறு, வரம்பு. நாய் புகலிடம் தேடி வருகிறது, அதன் பின்னால் யானையும் வருகிறது. அதில் நாயின் பிழை எதுவுமே இல்லை. உன்னிச்சைப் பக்கமோ சாகாமப் பக்கமோ யானையோடு வாழ்கிற எந்த ஊரிலும் வயதான காவல்காரரிடம் கேட்டுப் பாருங்கள், பரணில் இருக்கும்போது கீழே நாய் நிற்பதை விரும்புகிறவர் குறைவு. யானை வெடி போட்டால் முதலில் ஓடி ஒளிவதும் நாய்தான், அந்தக் காதுக்கு அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இன்னொரு விஷயமும் இதோடு சேர்ந்தது. புதிதாக ஒன்றைக் கண்டால் நாய் எங்கள் முகத்தைப் பார்க்கும். இத்தாலியில் மிலானில் ஒரு மின்விசிறியில் நாடாக்களைக் கட்டிப் பறக்கவிட்டு நாய்களுக்குக் காட்டினார்கள், பெரும்பாலான நாய்கள் விசிறியையும் எசமானின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தன. எசமான் பயந்த மாதிரிப் பேசினால் நாயும் தயங்கியது, ஒன்றுமில்லை என்கிற மாதிரிப் பேசினால் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தது. ஆகவே படலையில் ஆள் நிற்கும்போது நீங்கள் உடம்பை விறைத்துக்கொண்டு நின்றால் நாய் அதையும் வாசித்துவிடும். பயந்து குழம்பிய ஆளுக்குப் பக்கத்தில் நிற்கும் நாய் இன்னும் குழம்பிப்போகும், அமைதியாகப் பேசுகிற ஆளுக்குப் பக்கத்தில் நிற்கும் நாய் மெதுவாக அடங்கும்.

சரி, நாங்கள் விழுந்து கிடந்தால்? இதை நேராகவே சோதித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 2006 இல் கனடாவின் வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில், எசமான் நாயோடு வெளியில் நடந்துபோய், மாரடைப்பு வந்தவர் மாதிரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து அசையாமல் கிடந்தார். கொஞ்சம் தள்ளி வேறொருவர் உட்கார்ந்திருந்தார். நாய் அவரிடம் ஓடிப்போய்ச் சொல்கிறதா என்று பார்ப்பதுதான் பரிசோதனை. 12 நாய்களில் ஒன்றுகூட உதவி தேடிப் போகவில்லை. சில எசமானைச் சுற்றி நின்றன, முகர்ந்தன, சில அலைந்தன. அடுத்த பரிசோதனையில் 15 நாய்களின் எசமான்கள், புத்தக அலுமாரி மேலே விழுந்து நசுங்கியவர் போல் நடித்து, போய் ஆளைக் கூப்பிடு என்று நாயிடம் சொல்லியும் பார்த்தார்கள். அங்கேயும் அதேதான்.

இதைப் படித்தபோது எனக்கு மனம் கனத்தது, மறைக்கமாட்டேன். ஆனால் இதை வைத்து நாய்க்கு நன்றி இல்லை என்று முடிவு கட்டுவது பிழை. விழுந்து நடித்தவருக்கு உண்மையில் ஒன்றும் ஆகவில்லை, அது நாயின் மூக்குக்குத் தெரிந்திருக்கலாம். அதைவிட முக்கியமானது, ஆபத்து என்றால் என்ன, உதவி என்றால் என்ன, அந்த உதவியை மூன்றாவது ஆளிடம் போய்க் கேட்கலாம் என்பது இவ்வளவும் ஒரு நீண்ட கணக்கு. பழக்காத நாய்க்கு அந்தக் கணக்குத் தெரியாது. மனம் இருந்தும் வழி தெரியாத நிலை அது.

மனம் இருக்கிறது என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 2020 இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 60 வீட்டு நாய்களைச் சோதித்தார்கள். எசமான் ஒரு பெரிய பெட்டிக்குள் இருந்துகொண்டு காப்பாற்றச் சொல்லிக் கத்துவார், நாயின் பெயரைச் சொல்லிக் கூப்பிடக்கூடாது, பெட்டியின் கதவு நாய் தள்ளித் திறக்கக்கூடிய இலேசான கதவு. 20 நாய்கள் திறந்தன. மூன்றில் ஒன்று, இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் அவர்கள் அதோடு நிற்கவில்லை, அதே பெட்டிக்குள் சாப்பாட்டைப் போட்டும் பார்த்தார்கள். நாய்கள் கண்முன்னே சாப்பாடு போட்டும் 19 நாய்கள்தான் திறந்தன. அப்படியென்றால் மற்றவற்றில் பலவற்றுக்குப் பெட்டியைத் திறக்கும் வழியே பிடிபடவில்லை என்று நினைக்கலாம். சாப்பாட்டுக்காகத் திறக்கத் தெரிந்த அந்த 19 இல் 16 நாய்கள் எசமானுக்காகவும் திறந்தன. எனக்கு இந்தக் கணக்கு மிகவும் பிடிக்கும். நாய் வரவில்லை என்றால் அன்பில்லை என்று சொல்லுமுன் அதற்கு வழி தெரியுமா என்று கேள் என்கிறது இது.

2018 இல் 34 நாய்களோடு இன்னொன்று நடந்தது, அங்கே எசமான் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அழுதார் அல்லது பாட்டு முணுமுணுத்தார். அழுகை கேட்டுத் திறந்த நாய்கள், முணுமுணுப்புக் கேட்டுத் திறந்தவற்றைவிட மிக விரைவாகத் திறந்தன. அழுகை கேட்டும் திறக்காத நாய்களில்தான் பதற்றம் கூடுதலாகத் தெரிந்தது. அக்கறையில்லாமல் நின்றவை அல்ல அவை, பதறிப்போய் நின்றவை. மனிதரிலும் இதைக் கண்டிருக்கிறோம்தானே, வீட்டில் ஒருவர் மயங்கி விழுந்தால் ஓடுபவர் ஓட, உறைந்து நிற்பவர் உறைந்தே நிற்பார்.

இப்போது கடிக்கு வருவோம். நல்ல சாதி நாய் வாங்கினால் காவல் உறுதி என்று நினைக்கிறவர்கள் அல்சேஷன், டோபர்மேன், ரொட்வைலர் என்று பெரிய காசு கொடுத்து வாங்குகிறார்கள். பொலிஸ் நாய் சந்தேக நபரைப் பிடிப்பதைப் பார்த்துவிட்டு, அது இரத்தத்தில் வருவது என்று நம்புகிறார்கள். இரத்தத்தில் கொஞ்சம் வருகிறதுதான், அச்சம் குறைவு, பழக்கினால் பிடிக்கும் வேகம், இதெல்லாம் சாதிக்குச் சாதி வித்தியாசப்படும். மிச்சம் பெரும்பகுதி தேர்வும் பயிற்சியும். எங்கள் நாட்டில் கண்டி அஸ்கிரியவில் பொலிஸ் நாய்கள் பிரிவு இருக்கிறது, அப்படியான இடங்களில் நாய்க்கும் அதைக் கையாளுபவருக்கும் சேர்த்தே பயிற்சி, ஒவ்வொரு நாளும், நாய் ஓய்வு பெறும்வரைக்கும். அந்தப் பயிற்சியில் கடி என்ற சொல்லைவிட விடு என்ற சொல்தான் முக்கியம். விடு என்றதும் அந்தக் கணமே வாயைத் திறக்காத நாயை வேலைக்கு எடுக்கமாட்டார்கள். வளவுக்குள் சங்கிலியில் கட்டி, யாரைக் கண்டாலும் பாய்ந்தால் சந்தோஷப்பட்டு வளர்த்த நாய்க்கு அந்த விடு என்ற சொல் தெரியாது. தபால்காரர், மீற்றர் பார்க்க வருபவர், பந்து எடுக்க மதில் ஏறிய பக்கத்து வீட்டுப் பிள்ளை, எல்லோரும் அதற்கு ஒன்றுதான்.

சங்கிலியைப் பற்றி எனக்குக் கோபம் இருக்கிறது. பகல் முழுக்க இரண்டு முழச் சங்கிலியில் நிற்கிற நாய்க்கு உலகம் என்றால் அந்த வட்டம்தான். வருவதை முகர்ந்து பார்க்க முடியாது, பயந்தால் விலகிப் போகவும் முடியாது, மிச்சம் இருப்பது பாய்வது மட்டும். சிலர் மூர்க்கம் வரவேண்டும் என்று இருட்டறையில் அடைக்கிறார்கள், பிள்ளைகள் கல்லெறிந்து சீண்டுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அது காவல் நாய் ஆகாது. பயந்த நாய் ஆகும். நாய்க்குட்டி பிறந்து மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினான்காவது வாரம் வரைதான் உலகத்தைப் பயமில்லாமல் பழகிக்கொள்கிற பருவம். அந்த நாட்களில் குடை பிடித்த ஆள், தொப்பி போட்ட ஆள், சைக்கிள், மழை, சின்னப் பிள்ளைகள் எல்லாவற்றையும் நல்லபடியாகக் கண்டு வளர்ந்த நாய், பெரிதானதும் எது வழமை எது வழமையில்லை என்று பிரிக்கும். நம்பிக்கையான காவல் நாய் அதுதான். எல்லாவற்றுக்கும் பாய்கிற நாயின் குரைப்பை வீட்டிலும் யாரும் கணக்கெடுக்கமாட்டார்கள், உண்மையிலேயே ஆள் வந்தாலும் "சும்மா கத்துது" என்று புரண்டு படுத்துவிடுவோம்.

குரைக்கிற நாய் கடிக்காது என்ற பழமொழியையும் இந்த இடத்தில் விட்டுவிடுங்கள். குரைக்கிற நாயும் கடிக்கும், குரைக்காமலும் கடிக்கும். வால் ஆட்டினால் சந்தோஷம் என்பதும் அரைவாசிதான் சரி. உடம்பு முழுக்க நெளிந்து வால் ஆடினால் சந்தோஷம். உடம்பு விறைத்து, வாய் மூடி, கண்ணின் வெள்ளை தெரிய, வால் மட்டும் மேலே நின்று சிறிதாக ஆடினால் அது கிட்ட வராதே என்கிறது. நாய் உறுமினால் அடிக்காதீர்கள். உறுமல் அது கொடுக்கும் கடைசி எச்சரிக்கை, அடித்து அடித்து அதை நிறுத்திவிட்டால் அடுத்தமுறை நேராகக் கடிதான்.

மந்தைக்குக் காவல் இருக்கிற நாய்களைப் பார்த்தால் நாய் எப்படிக் காக்கிறது என்பது இன்னும் தெளிவாக விளங்கும். துருக்கியின் கங்கால், இத்தாலியின் மரெம்மா போன்ற நாய்களைக் குட்டிப் பருவத்திலேயே ஆட்டு மந்தைக்குள் விட்டுவிடுவார்கள், அவை ஆடுகளைத் தங்கள் கூட்டமாக ஏற்றுக்கொண்டு வளரும். ஓநாய் வந்தால் முதல் வேலை குரைப்பும் முன்னால் வந்து நிற்பதும்தான், சண்டை கடைசி. அவுஸ்திரேலியாவில் வார்னம்பூல் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தீவில் நரிகள் பென்குயின்களைக் கொன்று தீர்த்துக்கொண்டிருந்தன, 2006 முதல் அங்கே மரெம்மா நாய்களைக் காவலுக்கு விட்டார்கள், நாய் நிற்கிறது என்ற வாடையும் குரைப்புமே நரிகளைத் தள்ளி நிறுத்தப் போதுமாக இருந்தது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் மாட்டுப் பட்டிகளோடு அலைகிற எங்கள் ஊர் நாய்களும் இதே வழிதான். யாரும் பயிற்சி கொடுப்பதில்லை, பட்டியிலேயே பிறந்து பட்டியிலேயே வளர்கின்றன, இரவில் நரி ஊளையிட்டால் எழும்பி நின்று பதில் கொடுக்கின்றன. பட்டிக்காரர் அவற்றிடம் அதற்குமேல் கேட்பதும் இல்லை.

எங்களைக் காக்கவேண்டும் என்று நாயிடம் நாங்கள் கேட்கலாமா என்று இன்னொரு கேள்வி இருக்கிறது. என் பதில், கேட்கக்கூடாது. குரைத்து எழுப்பிவிட்டது என்றால் அதன் வேலை முடிந்தது, மிச்சம் எங்கள் வேலை. மனிதனும் நாயும் சேர்ந்து வாழ்ந்ததற்குக் கிடைத்த மிகப் பழைய சான்றுகளில் ஒன்று ஜேர்மனியில் பொன் (Bonn) நகருக்குப் பக்கத்தில் 1914 இல் கிடைத்த ஒரு புதைகுழி. சுமார் 14,000 வருடப் பழமை. ஒரு ஆண், ஒரு பெண், கூடவே ஒரு நாய்க்குட்டி. குட்டியின் பல்லைப் பிற்காலத்தில் ஆராய்ந்தபோது, அதற்கு டிஸ்டெம்பர் என்ற கடும் நோய் வந்து பல வாரம் இருந்தது தெரிந்தது. யாரோ தண்ணீர் பருக்கி, சூடாக வைத்து, துடைத்துப் பராமரிக்காமல் அந்தக் குட்டி அத்தனை வாரம் தாங்கியிருக்காது. நோயாளிக் குட்டியால் அவர்களுக்கு எந்தக் காவலும் இல்லை, இருந்தும் பார்த்தார்கள். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் திருவிழாவோடு வளர்ந்தவர்களுக்குத் தருமரின் கடைசிப் பயணம் தெரிந்திருக்கும். அந்தக் கதையில் நாய் தருமரைக் காப்பாற்றுவதில்லை, கூட வருகிறது, அவ்வளவுதான். அதை விட்டுவிட்டு விண்ணுலகம் வரமாட்டேன் என்று நிற்பவர் தருமர்.

எங்கள் பக்கம் இந்தக் கடமை வேலிக்கு வெளியேயும் நீளுகிறது. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் ஒரு தெருவால் பிரிகிற இடங்கள் எத்தனை. முஸ்லிம் அயலவர்களுக்கு நாயின் எச்சில் பட்டால் ஏழு தடவை கழுவிச் சுத்தம் செய்யவேண்டிய மார்க்கக் கடமை இருக்கிறது, அதேநேரம் மந்தைக்கும் வயலுக்கும் வேட்டைக்கும் நாய் வைத்திருக்க அதே மார்க்கம் இடம் கொடுக்கிறது. ஆகவே பிரச்சினை பெரும்பாலும் நாய் இருப்பதில் இல்லை, அவிழ்த்துவிட்ட நாய் பள்ளிவாசலுக்குப் போகிறவரை வழியில் மறிப்பதில்தான் இருக்கிறது. படலையைச் சாத்திவைத்தால் பாதிச் சண்டை வராது.

அப்புறம் நாய்க்கடியால் வரும் விசர்நோய் (ரேபிஸ்). நோய் வெளியே தெரியத் தொடங்கிவிட்டால் மனிதரைக் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாது, முன்னதாகத் தடுப்பூசி போட்டால் தடுத்துவிடலாம். காவலுக்கு வைத்திருக்கும் நாய்தான் கட்டாக்காலி நாய்களோடு படலையில் கடிபடுவதும், வருகிறவரைக் கடிப்பதும், ஆகவே அதற்கு வருடாந்தத் தடுப்பூசி தவறவே கூடாது. கடி பட்டால், அது வீட்டு நாயே என்றாலும், ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவுங்கள், மஞ்சளோ கோப்பித்தூளோ அப்பவேண்டாம், பிறகு நேரே அரசாங்க ஆஸ்பத்திரி, ஊசி இலவசம். உங்கள் நாய் கடித்தது என்றால் வெட்கப்பட்டு மறைக்காமல் தடுப்பூசி அட்டையையும் எடுத்துக்கொண்டு கடிபட்டவரோடு நீங்களும் போங்கள்.

ஆபத்து நேரத்தில் நாயை என்ன செய்வது என்பது ஆபத்தைப் பொறுத்தது. மாரியில் வெள்ளம் ஏறினால் நாகமும் விரியனும் மேட்டைத் தேடி வளவுக்குள் வரும், நாய் மூக்கைக் கொண்டுபோய்க் கொத்து வாங்குவதும் அந்த மாதங்களில்தான். பாம்பைக் கண்டு குரைத்தால் சூ என்று ஏவிவிடாதீர்கள், பெயர் சொல்லிக் கூப்பிட்டு இழுத்து எடுங்கள், வா என்றால் வருகிற ஒரு பழக்கத்தைக் குட்டியிலேயே கருவாட்டுத் துண்டு கொடுத்துப் பழக்கியிருந்தால் அன்றைக்கு அது நாயின் உயிர். வாவியோரம் முதலை இருக்கும் இடங்களில் நாயைத் தண்ணீருக்குள் விடவேண்டாம், கரையில் தண்ணீர் குடிக்கும் நாய் முதலைக்கு இலேசான இரை. இரவில் ஆள் நடமாட்டத்துக்குக் குரைத்தால் முதலில் லைட், பிறகு யன்னல், பிறகு அயலவருக்குப் போன், கதவு கடைசி. யானை என்றால் கதவே வேண்டாம்.

இவ்வளவையும் அவனுடைய வயதுக்கு ஏற்ற மாதிரிச் சொல்லி முடித்தேன். ரொமி குரைக்கும், நீ உள்ளே நில், அப்பாவை எழுப்பு, கதவைத் திறக்காதே, ரொமிக்குப் பின்னால் ஓடாதே என்றேன். தலையாட்டினான். கொஞ்ச நேரம் திண்ணையில் படுத்துக்கிடந்த நாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டான்: "அப்ப யானை வந்தா ரொமிய ஆரு காப்பாத்துற?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. அக்காதான், நெல்லைப் புடைத்துக்கொண்டே, "இரவைக்கு அதையும் உள்ளுக்கு எடுத்துப் படுக்க வையன்" என்றா. அன்று பொழுதுபடமுன் ரொமி படுக்கிற சாக்கை முற்றத்திலிருந்து இழுத்துவந்து, உள் விறாந்தையில் தன் பாய்க்குப் பக்கத்தில் விரித்தான். ரொமி வாசற்படியில் நின்று இரண்டு தரம் அவனைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தது.